நொடிக்கு எழுபதாயிரம் அரிசிமணி

தொழிற்சாலைகளில் பார்க்கும் வேலையைக் கேமராக்கள் எடுத்துக்கொண்ட கதை

ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 50,000 மணிகள் இருக்கும். ரகத்தைப் பொறுத்து இது கூடும், குறையும். சன்ன ரகமென்றால் இன்னும் ஏறும். ஒரு மணி நேரத்தில் 5 டன் ஓட்டும் ரைஸ் மில்லில், நொடிக்குச் சுமார் 70,000 அரிசிமணிகள் கலர் சார்ட்டர் என்ற இயந்திரத்தைக் கடந்து போகின்றன. அத்தனை மணிகளையும் முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் கேமராக்கள் பார்க்கின்றன. இது நல்லது, இது பழுப்பு, இது கருநுனி, இது உமி நீங்காத நெல் என்று மணிக்கு மணி தீர்ப்பு சொல்லி, ஆகாததை மட்டும் காற்றால் அடித்து ஒதுக்குகின்றன. முறத்தில் போட்டுக் கல் பொறுக்கி வளர்ந்த நாம், இன்று பையைப் பிரித்து அப்படியே உலையில் போடுகிறோம் என்றால் காரணம் இந்த இயந்திரம்தான்.

காங்கேயம், ஆரணி, செங்குன்றம் பக்கத்து ரைஸ் மில்களில் இது இன்று அதிசயம் இல்லை. கடையில் வாங்கும் அரிசிப் பையில் ‘சார்டெக்ஸ்’ என்று அச்சடித்திருப்பதுகூட, ஒளியால் தானியம் பிரிக்கும் இயந்திரங்களைச் செய்துவந்த, 1947-ல் லண்டனில் தொடங்கிய நிறுவனத்தின் பெயர்தான்.

பொருளைக் கேமராவால் பார்த்து, பார்த்ததைக் கணக்காக்கி, அந்தக் கணக்கை வைத்து ஒரு வால்வையோ ரோபோவையோ இயக்கும் முறைக்கு இயந்திரப் பார்வை என்று பெயர். தொழிற்சாலைக்குள் அதை விஷன் சிஸ்டம் என்பார்கள். மாத்திரை அட்டை, குளிர்பானப் பாட்டில், செல்போனின் சர்க்யூட் போர்டு, காரின் கண்ணாடி, பனியன் துணி என்று நம் கைக்கு வரும் பொருட்களில் பெரும்பாலானவற்றை மனிதர் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேமரா பார்த்துவிடுகிறது. ஆனாலும் இதைப் பற்றிய பேச்சு நம்மிடம் இரண்டே வகையில் நடக்கிறது: ‘ஏ.ஐ. வந்துவிட்டது’ என்ற வியப்பு, ‘வேலை போய்விடும்’ என்ற அச்சம். இந்தக் கண் எப்படிப் பார்க்கிறது, எதைப் பார்க்காது, பார்த்ததை நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்விகள் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. எனக்கு அவைதான் முக்கியமாகப் படுகின்றன.

விழும் அரிசியைப் படம் பிடிப்பது

கலர் சார்ட்டரின் உச்சியில் தொட்டி. அதன் அடியில் அதிரும் தட்டு ஒன்று அரிசியைச் சீராக வெளியே விடுகிறது. அரிசி, சாய்வான சறுக்குப் பாதையில் ஒற்றை அடுக்காகப் பரவி வழிகிறது. பாதை முடிகிற இடத்தில் காற்றில் விழுகிறது. அப்போது அதன் வேகம் நொடிக்கு மூன்று நான்கு மீட்டர். அந்த இடத்தில்தான் கேமரா காத்திருக்கிறது.

இந்தக் கேமரா நம் செல்போனைப் போல முழுப் படம் எடுப்பதில்லை. ஒரே ஒரு கிடைக்கோட்டை மட்டும், நொடிக்குப் பல ஆயிரம் முறை எடுக்கிறது. அரிசி விழுந்துகொண்டே இருப்பதால் கோட்டுக்கு அடியில் கோடாக அடுக்கினால் முழு மணியின் உருவம் கிடைத்துவிடும். லைன் ஸ்கேன் என்று சொல்லப்படும் இந்த முறைதான் காகிதம், உருக்குத் தகடு, துணி என்று முடிவில்லாமல் ஓடும் பொருட்களுக்கெல்லாம் பொருந்துகிறது. படத்தில் ஒரு மணி பழுப்பாகத் தெரிந்தால், சில சென்டிமீட்டர் கீழே வரிசையாக இருக்கும் காற்றுக் குழல்களில் எது அந்த மணிக்கு நேரே இருக்கிறது, மணி எப்போது அங்கே வந்து சேரும் என்று இயந்திரம் கணக்கிடுகிறது. மிகச் சரியாக அந்தக் கணத்தில் வால்வு திறந்து மூடுகிறது. ஒரு சிறு காற்றடி. மணி பாதை மாறிப் போய்விடுகிறது.

கெட்ட மணியை அடிக்கும் காற்று, ஒட்டி வரும் நல்ல மணிகளையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் ஒதுக்கியதை மறுபடியும் ஒருமுறை இயந்திரத்தில் ஓட்டி நல்லதை மீட்கிறார்கள். உணர்திறனைக் கூட்டினால் அரிசி பளிச்சென்று வரும், ஆனால் ரிஜெக்ட் ஏறும். குறைத்தால் எடை மிச்சம், மூட்டையில் பழுப்பு தலைகாட்டும். பச்சரிசிக்கு வைத்த செட்டிங் புழுங்கலுக்கு ஆகாது. புழுங்கல் இயல்பிலேயே சற்று மஞ்சள் சாயல் கொண்டது. பச்சரிசியில் வெள்ளை வயிறு விழுந்த மணி ஒரு குறை. நன்றாகப் புழுக்கினால் அந்த வெண்மையே மறைந்துவிடும். வேகாமல் நடுவில் வெள்ளை நின்றுவிட்டால் அதுவும் ஒரு குறை. இதையெல்லாம் இயந்திரத்துக்குச் சொல்லித் தருவது ஆலையில் அனுபவம் உள்ள ஆபரேட்டர். தட்டில் நல்ல மணிகளையும் கெட்ட மணிகளையும் தனித்தனியாகப் பரப்பிக் காட்டி, எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று அவர்தான் தீர்மானிக்கிறார்.

சரி, நிறத்தால் பிரிக்க முடியாதது வந்தால்? வெள்ளைக் கல், கண்ணாடித் துண்டு, வெள்ளைப் பிளாஸ்டிக் ஆகியவை அரிசியின் நிறத்திலேயே இருக்கும். அங்கே கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பு ஒளியில் பார்க்கும் கேமரா உதவிக்கு வருகிறது. அந்த ஒளியை அரிசி உறிஞ்சும் அளவும் கண்ணாடி உறிஞ்சும் அளவும் வேறு. நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிபவை அங்கே வெவ்வேறு பொருட்களாகத் தெரிகின்றன. வேறு ஒளியைக் கொண்டுவந்ததால் கிடைத்த தெளிவு அது.

பஞ்சுக்குள் ஒளிந்த சாக்கு இழை

அரிசியைவிடக் கடினமான சோதனை பஞ்சு. கோவை வட்டார ஸ்பின்னிங் மில்களில் யாரைக் கேட்டாலும் கண்டாமினேஷன் என்ற சொல்லைப் பெருமூச்சோடுதான் சொல்வார்கள். பேலைப் பிரித்தால் பஞ்சோடு தலைமுடி வரும், சணல் நார் வரும், பறவை இறகு, பழைய துணிக் கிழிசல், உரச்சாக்கின் பாலிபுரொப்பிலீன் இழை எல்லாம் வரும். நம் நாட்டில் பஞ்சு கையால் எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் பெண்கள், வெயிலில், கிடைத்த சாக்கிலும் சேலைத் துணியிலும் சேர்க்கிறார்கள். அங்கிருந்து ஜின்னிங் ஆலை போகும் வழியெல்லாம் ஏதாவது ஒன்று கலந்துகொண்டே இருக்கிறது.

இவற்றில் மிகப் பெரிய தொல்லை வெள்ளைச் சாக்கு இழை. அது பஞ்சோடு பஞ்சாக, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமுக்குள் போகிறது. இழைகளைச் சீவும் கார்டிங்கில் பிரிந்து மயிரிழைகளாகிறது, நூலுக்குள் முறுக்கேறுகிறது. நூல் கோனாகிப் பின்னலாடைக்குப் போகிறது, துணியாகிறது. இதுவரை யார் கண்ணிலும் படவில்லை. சாயப்பட்டறையில் துணி கருநீலத்தில் மூழ்கி எழும்போது, பஞ்சு முழுக்கச் சாயம் ஏறியிருக்கும். பாலிபுரொப்பிலீன் சாயம் ஏற்காது. கருநீலத் துணியின் குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று எழுந்து நிற்கும். ஏதோ ஒரு வயலில் ஒரு சாக்கிலிருந்து உரிந்த இழை, ஐந்தாறு கட்டங்களைக் கடந்து, திருப்பூரில் ஒரு ஏற்றுமதி ஆர்டரைத் திருப்பி அனுப்ப வைக்கிறது.

இதைத் தடுக்கப் பல மில்களில் நீண்ட காலமாக இருந்த ஒரே வழி, பெண்களை வரிசையாக உட்காரவைத்துப் பஞ்சைப் பரப்பிக் கையால் பொறுக்கச் சொல்வதுதான். பஞ்சுத் தூசியின் நடுவே நாளெல்லாம் வெள்ளைக்குள் வெள்ளையைத் தேடும் வேலை அது. கலர் நாரைக் கண் பிடித்துவிடும். வெள்ளை இழையைப் பிடிக்க எந்தக் கண்ணுக்கும் வழியில்லை.

இன்று புளோரூமின் குழாயில் பறக்கும் பஞ்சுத் துகள்களைக் கண்ணாடிச் சாளரம் வழியே கேமராக்கள் பார்க்கின்றன. வண்ண நாருக்குச் சாதாரண வெளிச்சம் போதும். வெண்மையூட்டி கலந்த செயற்கை இழையைப் பிடிக்கப் புற ஊதா விளக்கு. அதன் கீழே அந்த இழை நீலமாக ஒளிரும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்குக்கு முனைவாக்கிய ஒளி, அதாவது ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளி. பிளாஸ்டிக் அந்த அதிர்வை மாற்றும் விதமும் பஞ்சு மாற்றும் விதமும் ஒன்றல்ல. அந்த வேற்றுமை படத்தில் தெரிந்துவிடும். தெரிந்ததும் காற்றடி, இழை வெளியே. அப்படியும் தப்பி நூலுக்குள் போனதை, நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனரில் உட்கார்ந்திருக்கும் ஒளி உணரி கண்டு நூலை வெட்டி இணைக்கிறது. எல்லாவற்றையும் பிடித்துவிடுகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெண்களின் கண்களிடம் நாம் கேட்ட, எந்தக் கண்ணாலும் தர முடியாத ஒன்றை, சரியான விளக்கு தருகிறது.

வெளிச்சம்தான் பாதி வேலை

விஷன் துறையில் இருக்கும் பொறியாளர்கள் புதிய இடத்துக்குப் போனால் முதலில் கேட்பது வெளிச்சத்தைப் பற்றித்தான். குறை, படத்தில் தெரிய வேண்டும். தெரியாததை எந்தக் கணினியும் கண்டுபிடிக்காது. புதிதாக வாங்கிய எவர்சில்வர் தட்டை நாம் ஜன்னலோரம் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போமே, நேராகப் பார்த்தால் தெரியாத கீறல் அப்போது மின்னுமே, அதே உத்தியைத்தான் உலோகப் பாகங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். தரையோடு தரையாக வரும் தாழ்ந்த ஒளியில் வழுவழுப்பான பரப்பு இருட்டாகிவிடும், கீறல் மட்டும் வெள்ளையாக ஒளிரும். மாறாக, ஒரு திருகின் விளிம்பை அளக்க வேண்டுமானால் விளக்கைப் பின்னால் வைக்கிறார்கள். பொருள் முழுக்கக் கறுப்பு நிழலாகி விளிம்பு மட்டும் கூர்மையாக நிற்கும். பளபளக்கும் மாத்திரை அட்டைக்குக் குடைபோல் கவிந்த விளக்கு. ஒரே பொருளுக்கு மூன்று விளக்கில் மூன்று படம் எடுப்பதும் உண்டு.

வேகமும் ஒளியோடு சேர்ந்த கணக்குத்தான். பெல்ட் நொடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது, கேமரா ஆயிரத்தில் ஒரு நொடி திறந்திருக்கிறது என்றால், அதற்குள் பொருள் 1 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 0.1 மில்லிமீட்டர் குறையைத் தேடுகிறவனுக்கு அந்தப் படம் வெறும் கலங்கல். பத்தாயிரத்தில் ஒரு நொடிக்குத் திறப்பைக் குறைத்தாக வேண்டும். அவ்வளவு குறைந்த நேரத்தில் போதிய வெளிச்சம் கிடைக்க, எல்.இ.டி. விளக்கைப் படம் எடுக்கும் அந்தக் கணத்தில் மட்டும் பளிச்சென்று வெடிக்க விடுகிறார்கள். 200 மில்லிமீட்டர் அகலத்தை 2,000 புள்ளிகளால் பார்த்தால் ஒரு புள்ளிக்கு 0.1 மில்லிமீட்டர். நம்பிச் சொல்ல ஒரு குறை மூன்று புள்ளியாவது அகலம் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. ஆக, எத்தனை சிறிய குறையைப் பிடிக்கலாம் என்பது கேமராவைப் பொருத்தும் முன்பே காகிதத்தில் தெரிந்துவிடும்.

காகிதத்தில் தெரியாதவையும் உண்டு. மாலை நான்கு மணிக்கு மேற்கு ஜன்னலில் விழும் வெயில், காலையில் ஒழுங்காக ஓடிய சிஸ்டத்தைக் குழப்பிவிடும். தவிட்டுத் தூசி கண்ணாடியில் படியும். அதற்காகவே கலர் சார்ட்டரில் தானாகத் துடைக்கும் வைப்பர் வைத்திருக்கிறார்கள். விளக்கு வயதாகி மங்கும். இயந்திரக் கண்ணுக்கும் தினசரிப் பராமரிப்பு உண்டு. அதை மறந்த ஆலையில் கேமரா இருக்கும், பார்வை இருக்காது.

நூற்றுக்கு 95 போதாது

இதன் வரலாறு பலரும் நினைப்பதைவிடப் பழையது. 1964-ல் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வுக்கூடத்தில், டிரான்சிஸ்டர்களுக்குக் கம்பி இணைக்கும் வேலையை இயந்திரக் கண்ணால் செய்ய முயன்றார்கள். நூற்றுக்கு 95 முறை சரியாக வந்தது. தொழிற்சாலைக்கு அது தோல்வி. இருபதில் ஒன்று வீணாகும் இயந்திரத்தை யார் வாங்குவார்கள்? முழுத் தானியங்கி இயந்திரமாக அது கைகூடியது 1973-ல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் அந்தக் கடைசி ஐந்து சதவீதத்துக்காகக் கொடுத்த விலை. இன்று செயல்விளக்கத்தில் கைதட்டல் வாங்கும் எந்த ஏ.ஐ. கருவியையும் நான் இந்தக் கதையோடு சேர்த்துத்தான் பார்ப்பேன்.

1969-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சி.சி.டி. உணரியைக் கண்டறிந்தார்கள். ஒளியை நேரடியாக மின்குறியாக்கும் இந்தச் சில்லுக்கு 2009-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் 1979-ல் வெளியிட்ட கான்சைட் என்ற அமைப்பு, ஓடும் பெல்ட்டின் குறுக்கே ஒரு ஒளிக்கோட்டைப் பாய்ச்சியது. பொருள் வந்தால் கோடு வளையும். வளைவிலிருந்து வடிவம் தெரியும். ரோபோ எடுத்துப் பிரிக்கும். அழுக்கும் மங்கலுமான வார்ப்பட ஆலையில் பொருளின் நிறத்தை நம்பாமல் ஒளியின் வளைவை நம்பியது அபாரமான யோசனை. 1981-ல் அமெரிக்காவில் தொடங்கிய காக்னெக்ஸ் நிறுவனம், அச்சிட்ட எழுத்தைப் படிக்கும் கருவியோடு சந்தைக்கு வந்தது. தட்டச்சு இயந்திரத்தில் எழுத்துக் கட்டைகள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அதற்குக் கிடைத்த முதல் வேலைகளில் ஒன்று.

டீக்கடையில் பணம் கட்ட நாம் ஸ்கேன் செய்யும் க்யூஆர் குறியும் தொழிற்சாலையில் பிறந்ததுதான். 1994-ல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க அதை உருவாக்கினார்கள். மூன்று மூலைகளில் இருக்கும் சதுரங்கள்தான் அதன் உயிர். எந்தக் கோணத்தில் அவற்றின் நடுவே போனாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகவே வரும் விகிதம் அது என்பதால்தான் தேர்ந்தெடுத்தார்கள். கேமரா அதைக் கண்டதும் இதுதான் குறி என்று தயங்காமல் பிடித்துக்கொள்ளும். இந்தியாவில் 2023 ஆகஸ்ட் 1 முதல் முன்னணி 300 மருந்து பிராண்டுகளின் உறைகளில் பார்கோடோ க்யூஆர் குறியோ கட்டாயம் ஆனது. அந்தக் குறி ஒழுங்காக அச்சாகியிருக்கிறதா என்று பேக்கிங் லைனில் பார்ப்பதும் ஒரு கேமராவின் வேலையே.

மனிதக் கண் எங்கே சோர்கிறது

ஊசி மருந்துக் குப்பியைச் சோதிப்பது எப்படி என்று பார்த்தால் இந்தத் துறையின் புத்திசாலித்தனம் விளங்கும். மருந்துக்குள் ஒரு கண்ணாடித் துணுக்கோ நாரோ மிதக்கக் கூடாது. ஆனால் குப்பியின் வெளிப்புறத்தில் கீறல் இருக்கலாம், தூசி ஒட்டியிருக்கலாம். படத்தில் இரண்டும் புள்ளியாகத்தான் தெரியும். எனவே இயந்திரம் குப்பியை வேகமாகச் சுழற்றி, சட்டென்று நிறுத்துகிறது. குப்பி நின்றுவிட்டது, உள்ளே மருந்து மட்டும் இன்னும் சுழல்கிறது. அப்போது அடுத்தடுத்து எடுத்த படங்களை ஒப்பிட்டால், அசையாத புள்ளி கீறல். அசையும் புள்ளி துணுக்கு.

இதே குப்பியை மனிதர் பார்க்கும் முறைக்கும் விதி உண்டு. கறுப்புப் பின்னணியில் 5 நொடி, வெள்ளைப் பின்னணியில் 5 நொடி, போதிய வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க மருந்துத் தரநூல். 1980-களில் ஜூலியஸ் நேப் உருவாக்கிய சோதனை முறை ஒரு சங்கடமான உண்மையைக் கணக்கில் எடுத்துக்கொண்டது: ஒரே குப்பியைத் திரும்பத் திரும்பக் காட்டினால், தேர்ந்த கண்ணும் ஒருமுறை ஒதுக்கும், மறுமுறை விட்டுவிடும். அதனால் பலமுறை காட்டி, பத்தில் ஏழு முறையாவது ஒதுக்கப்படுகிற குப்பிகளை மட்டும் ‘ஒதுக்க வேண்டியவை’ என்று வரையறுத்தார்கள். அவற்றைப் பிடிப்பதில் இயந்திரம் மனிதருக்குச் சளைக்காமல் இருக்கிறதா என்று பார்த்தார்கள். மனிதக் கண் பிழையே செய்யாத அளவுகோல் அல்ல என்று அந்த முறை முதலிலேயே ஒப்புக்கொண்டது.

உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் 1948-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொன்னது. ரேடார் திரையைப் பார்க்கும் விமானப் படையினருக்காக, கடிகார முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவுவதைக் கவனிக்கச் சொன்னார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரிந்தது. அரை மணி நேரம்! திருப்பூரில் செக்கிங் டேபிள் முன் நின்று, விளக்கு வெளிச்சத்தில் ஓடும் துணியில் நீடில் லைனும் ஓட்டையும் தேடும் பெண்ணின் ஷிஃப்ட் எத்தனை மணி நேரம் என்று எண்ணிப் பாருங்கள். தப்பிய குறைக்கு அவர் மேல் விழும் வசவு அநியாயம். உடல் தர முடியாததைக் கேட்டுவிட்டு, தரவில்லை என்று கோபப்படுகிறோம். ஓயாத கவனத்தை இயந்திரத்திடம் கொடுப்பது அந்தப் பெண்ணுக்கு நன்மை என்றே நினைக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. துணியைத் தொட்டே தரம் சொல்லும் அவர் அறிவுக்கு அதே ஆலையில் வேறு இடம் வேண்டும். இயந்திரம் சந்தேகப்பட்டதைத் தீர்ப்பதற்கும், அதற்குக் குறைகளைக் கற்றுத் தருவதற்கும் அவரைவிடத் தகுந்தவர் யார்? அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கேமராவை வாங்கும் முதலாளி, கேமராவுக்கு வாத்தியார் இல்லாமல் செய்துகொள்கிறார்.

இரண்டு பிழைகள்

எந்தச் சோதனையிலும் இரண்டு பிழைகள் உண்டு: கெட்டதை விடுவது, நல்லதை ஒதுக்குவது. ஒரு கணக்குப் போடுவோம். பத்தாயிரம் பாட்டிலில் ஒன்று குறை. இயந்திரம் ஆயிரம் நல்ல பாட்டிலில் 5-ஐத் தவறாக ஒதுக்குகிறது. பத்து லட்சம் பாட்டில் ஓடினால் உண்மையான குறைகள் 100. தவறாக ஒதுங்கிய நல்ல பாட்டில்கள் ஏறத்தாழ 5,000. ரிஜெக்ட் பெட்டியைத் திறந்து பார்க்கும் சூப்பர்வைசருக்கு எல்லாம் நல்ல பாட்டிலாகத் தெரியும். ‘இந்த மெஷின் சும்மா தள்ளுது’ என்று உணர்திறனைக் குறைத்துவிடுவார். குறைத்த அன்று தப்பும் ஒரு கண்ணாடிச் சில்லு யார் தொண்டைக்குப் போகும் என்பது அந்தப் பெட்டியில் தெரியாது. அந்த உணர்திறன் திருகை யார் தொடலாம், தொட்டதை எங்கே எழுதி வைப்பது என்பதெல்லாம் நிர்வாகம் எடுக்க வேண்டிய முடிவுகள்.

ஆழ்கற்றல் வந்தபின் நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. முன்பு நீளம், நிறம், விளிம்பு என்று விதி எழுதித் தர வேண்டும். மரப்பலகையின் கோடுகள், தோலின் சுருக்கம், துணியின் நெளிவு போன்றவை அப்படிப்பட்ட விதிகளுக்கு அடங்கவில்லை. இப்போது மாதிரிப் படங்களைக் காட்டிப் பழக்குகிறார்கள். சிக்கல் என்னவென்றால், ஒழுங்காக நடக்கும் ஆலையில் நல்ல படம் லட்சக்கணக்கில் கிடைக்கும், குறையின் படம் கிடைக்காது. ஜெர்மனியின் எம்.வி.டெக் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட, ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் படத் தொகுப்பு இந்தச் சிக்கலுக்காகவே அமைந்தது. 15 வகைப் பொருட்கள், 5,354 படங்கள். பழக்குவதற்குக் குறையில்லாத படங்கள் மட்டும். நல்லது எப்படி இருக்கும் என்று மட்டும் கற்ற நிரல், அதிலிருந்து விலகுவதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். நம்பிக்கை தரும் வழிதான். ஆனால் விலகல் எல்லாம் குறை அல்ல. சப்ளையர் மாறி அட்டையின் வெண்மை சற்று மாறினாலும் அது கூச்சல் போடும்.

குறை பிறக்கும் இடம்

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் தயாராகும் ஆலைகளில் நடப்பதை இங்கே சொல்ல வேண்டும். சர்க்யூட் போர்டில் முதலில் சால்டர் பேஸ்ட்டை அச்சிடுவார்கள், பிறகு கடுகைவிடச் சிறிய பாகங்களை வைப்பார்கள், பிறகு உலையில் உருக்குவார்கள். பற்றவைப்பில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி முதல் கட்டத்திலேயே, பேஸ்ட் கூடியோ குறைந்தோ விழுவதால் பிறக்கிறது. அதனால் இத்தகைய லைன்களில் அச்சிட்ட உடனே ஒரு கேமரா ஒவ்வொரு பேஸ்ட் துளியின் உயரத்தையும் பரப்பையும் அளக்கிறது. ஒரு பக்கம் சரியத் தொடங்கினால் அச்சிடும் இயந்திரத்துக்கே செய்தி போகிறது. அது தன் இடத்தைத் திருத்திக்கொள்கிறது. இன்னும் ஒரு போர்டுகூடக் கெடவில்லை, அதற்குள் திருத்தம் நடந்துவிட்டது. இந்தத் தொழில்நுட்பத்தின் உச்சப் பயன் இதுதான் என்பது என் துணிபு. கடைசியில் நின்று தள்ளும் கேமராவைவிட, முதலில் நின்று சொல்லும் கேமரா பல மடங்கு மதிப்புள்ளது.

பஞ்சில் நாம் அதைச் செய்யவில்லை. மில்லில் விலையுயர்ந்த இயந்திரம் சாக்கு இழையைப் பிடிக்கிறது. அந்த இழை எந்த ஊர்ப் பஞ்சில் அதிகம் வந்தது என்ற செய்தி வயலுக்குத் திரும்பிப் போவது அரிது. பஞ்செடுக்கும் பெண்ணுக்கு ஒரு பருத்தித் துணிப் பை கொடுத்தால் தீரும் காரியத்துக்குப் புற ஊதா விளக்கைக் காவல் வைத்திருக்கிறோம்.

ரேஷன் அரிசியிலும் அதே கதை. கறுப்பும் பழுப்புமான மணிகள் வருகின்றன என்ற பல்லாண்டுப் புகாருக்குப் பிறகு, நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு நெல் அரைத்துத் தரும் ஆலைகள் கலர் சார்ட்டர் பொருத்த வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் வலியுறுத்தியது. மிக நல்ல முடிவு. காசு கொடுத்து வாங்குகிறவர் தட்டுக்குக் கிடைத்த பார்வை, ரேஷன் கார்டோடு வரிசையில் நிற்பவர் தட்டுக்கும் கிடைக்கத்தான் வேண்டும். மத்தியக் கொள்முதல் விதியே புழுங்கலரிசியில் நிறம் மாறிய மணி 5 சதவீதம் வரை இருக்கலாம் என்று அனுமதிக்கிறது. எடைக் கணக்கை மணிக் கணக்காகச் சொன்னால் கிலோவுக்கு 2,500 மணி. இயந்திரத்தால் அதைவிடச் சுத்தமாகத் தர முடியும்.

ஆனால் அந்தப் பழுப்பு எங்கே பிறந்தது? ஈர நெல் குவியலாகக் கிடந்தால் உள்ளுக்குள் சூடேறும், பூஞ்சை பிடிக்கும், அரிசி மஞ்சளாகிப் பழுப்பேறும். டெல்டா மாவட்டங்களில் குறுவை அறுவடை பல ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழையோடு மோதுகிறது. நெல்லின் ஈரப்பதத்துக்கு 17 சதவீதம் பொது வரம்பு. மழை ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்தித் தந்ததும் உண்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வெட்டவெளியில் தார்ப்பாய்க்குக் கீழே மூட்டைகள் லாரிக்காகக் காத்துக் கிடப்பதை ஒவ்வோர் ஆண்டும் செய்தியில் பார்க்கிறோம். கலர் சார்ட்டர் அந்த அரிசியைப் பொறுக்கி எறியும். விளைவித்தவர் உழைப்பு எறிந்ததில் போகும்.

இன்றைய கலர் சார்ட்டர்கள் பலவற்றில், ஒவ்வொரு ஓட்டத்திலும் எவ்வளவு எந்தக் குறைக்காக ஒதுங்கியது என்ற கணக்கு பதிவாகிறது. ஒவ்வொரு லாட் நெல்லும் எந்தக் கொள்முதல் நிலையத்திலிருந்து எந்தத் தேதியில் வந்தது என்ற கணக்கு வாணிபக் கழகத்திடம் இருக்கிறது. இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்க்கப் புதிய இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு பருவம் சேர்த்தாலே போதும், பழுப்பு எந்த நிலையங்களிலிருந்து, எந்த வாரங்களில் அதிகம் வந்தது என்பது பெயரோடு தெரிந்துவிடும். அடுத்த மழைக்குள் அந்த நிலையங்களுக்கு முதலில் கான்கிரீட் தளமும் கூரையும் உலர்த்தும் இயந்திரமும் போய்ச் சேரட்டும்.